கறியை எடுத்த இடத்தில் என்ன வைப்பது?

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் மீன், ஞாயிற்றுக்கிழமை கோழி அல்லது ஆட்டுக்கறி, வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பார். அப்படி வளர்ந்தவள் சென்னைக்கு வேலைக்கு வந்து, பெருங்குடியில் ஒரு ஹாஸ்டலில் இருந்தபோது, 23 வயதில் கறியை விட்டேன். அடுத்த இரண்டு வருஷத்தில் மீனும் முட்டையும் போயின. அப்புறம் பாலும். இப்போது எனக்கு 29 வயது. சித்தி பிள்ளைகள், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று யாராவது "நானும் மாறலாம்னு இருக்கேன், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. ஹாஸ்டல் தட்டில் கோழி இருந்த இடத்தில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் மாற்றம். மதியம் சோறு, பருப்பு தென்படாத சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். இரவு சப்பாத்தி, அதற்கும் உருளைக்கிழங்கு. வயிறு நிறைந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். நான்காவது மாதம் பறக்கும் ரயில் நிலையத்தில் படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். சீப்பில் கொத்தாக முடி. ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். பி12 அளவும் கீழே கிடந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "இது நாலு மாசத்துல வந்தது இல்லம்மா. நீ கறி சாப்பிட்டப்பவே குறைவாத்தான் இருந்திருக்கும். வந்துக்கிட்டு இருந்த கொஞ்சத்தையும் இப்ப நிறுத்திட்ட."

அவர் சொன்னது சரி. பி12 நம் கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். நன்றாகச் சேர்ந்திருந்தால் சில வருஷங்கள்கூடத் தாங்கும். என் சேமிப்பு ஏற்கெனவே காலி. அதனால் மாறுவதற்கு முன்னாலேயே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி இந்த நான்கும் போதும். எங்கிருந்து கிளம்புகிறோம் என்று தெரிந்துகொண்டு கிளம்பலாம்.

எப்போது ஆரம்பிப்பது

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. புரட்டாசியில் கறி சாப்பிடாத குடும்பங்கள் எத்தனையோ. கார்த்திகையில் மாலை போட்டால் 41 நாள் விரதம். ஆக, "ஒரு மாசம் கறி வேண்டாம்" என்று சொன்னால் வீட்டில் யாரும் பதறமாட்டார்கள். நானும் ஒரு புரட்டாசியில்தான் தொடங்கினேன். மாசம் முடிந்தபோது திரும்பிப் போகத் தோன்றவில்லை. ஆயுசு முழுக்க என்று முதல் நாளே அறிவிக்காதீர்கள். ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டு, அது முடிந்த பிறகு அடுத்த மாதத்தைப் பற்றி யோசியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடவும் வேண்டாம். கறியும் கோழியும் முதலில், பிறகு மீன், பிறகு முட்டை, கடைசியில் பால், தயிர், நெய். சமையல் உங்கள் கையில் இல்லாத ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஒரே தாவில் வீகனாக மாறுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அடுப்பு என்று ஒன்று உங்களுக்கு வந்த பிறகு பாலைத் தொடுங்கள்.

வார்த்தைகளையும் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊர்ச் சைவத்தில் பால் உண்டு, முட்டை கிடையாது. வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கியது. பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்பது அது. தமிழில் நனிசைவம் என்கிறார்கள்.

தட்டில் அந்த இடம்

கறியை எடுத்த இடத்தில் பருப்போ பயறோ கடலையோ வர வேண்டும். சோறு வரக் கூடாது. இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். நான் 55 கிலோ. எனக்கு ஏறக்குறைய 46 கிராம். இதைக் கேட்டுப் பயந்து புரத மாவு டப்பா வாங்கத் தேவையில்லை. என்னுடைய சாதாரண நாள் இது: காலையில் நாலு இட்லி, கெட்டிச் சாம்பார், சுமார் 12 கிராம். பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 12 கிராம். மதியம் சோறும் ஒரு கிண்ணம் பருப்புக் கூட்டும், 13 கிராம். சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 7 கிராம். இரவு இரண்டு அடை, 10 கிராம். கூட்டிப் பாருங்கள், 50ஐத் தாண்டுகிறது. இதில் சுண்டலையும் கூட்டையும் எடுத்துவிட்டால் 30க்கு வந்துவிடும். நான் ஹாஸ்டலில் இருந்த நிலை அதுதான்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இட்லி, அடை, பொங்கல், பருப்புச் சோறு எல்லாமே இந்த ஜோடிதான். இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

மீல் மேக்கரை, அதாவது சோயா உருண்டையை, சிலருக்குப் பிடிக்காது. அதில் வருகிற ஒரு வாடைதான் காரணம். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டுப் பிழியுங்கள். திரும்பப் பச்சைத் தண்ணீரில் அலசி, இன்னொரு முறை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழியுங்கள். முதல் பிழிவில் மஞ்சளாக நுரைத்து வருகிற தண்ணீர் இரண்டாவதில் தெளிந்திருக்கும்; வாடையும் அதோடு போய்விடும். பிறகு இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், சோம்புத்தூள் பிசறி அரை மணி வைத்து இரும்புச் சட்டியில் சுருள வதக்கினால் நன்றாக இருக்கும். காய்ந்த நிலையில் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம். வாரம் இரண்டு முறை போதும்.

அடுப்பே இல்லாத ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று, பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத் துணியில் முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். மறுநாள் முளைத்திருக்கும். எலுமிச்சை பிழிந்து வெங்காயம் போட்டுச் சாப்பிடலாம். இன்னொன்று, ஊரிலிருந்து வருகிற பொடி.

அம்மாவின் பொடி

நான் கறியை விட்டதும் அம்மாவுக்கு வந்த பயம் ஒன்றுதான்: "ஏட்டி, எதத்தான் திம்ப?" விவாதம் எல்லாம் அவளுக்கு வேண்டாம். பதில் வேண்டும். ரத்த ரிப்போர்ட் வந்ததும் அவளே உட்கார்ந்து எங்கள் வழக்கமான பருப்புப் பொடியை மாற்றினாள்.

துவரம் பருப்பு ஒரு டம்ளர், பொட்டுக்கடலை அரை டம்ளர், வேர்க்கடலை அரை டம்ளர், கறுப்பு எள் கால் டம்ளர், ஆளி விதை இரண்டு ஸ்பூன், வற்றல் மிளகாய் பத்து, தோலோடு ஆறு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். துவரம் பருப்புக்குச் சிறு தீ, பொறுமை. வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால் பொடி நாக்கில் ஒட்டும். எள் படபடவென்று வெடித்து அடங்கும்போது இறக்கிவிட வேண்டும், அரை நிமிஷம் கூடினாலும் கசந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். வேர்க்கடலையைக் கடைசியில் போட்டு மிக்ஸியை இரண்டே சுற்று விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் விட்டுக் கட்டி தட்டிவிடும். சுடுசோறு, நல்லெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி பொடி. அதில் நாலைந்து கிராம் புரதம் வந்துவிடுகிறது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அடைத்துக் கொடுத்தாள். ஆறு வாரம் வந்தது. வாட்டர் சாம்பார் வந்த நாளெல்லாம் என்னைக் காப்பாற்றியது அந்தப் பாட்டில்தான்.

ஆளி விதை அதில் ஏன் வந்தது என்றால், மீனில் கிடைத்த ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்புக்கு ஈடாக. முழு விதையாகத் தின்றால் செரிக்காமலே போய்விடும், பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். அயோடின் விஷயமும் மீனோடு சேர்ந்ததுதான். எங்கள் ஊர் உப்பள ஊர், வீட்டில் கல்லுப்பு மூட்டையாக இருக்கும். அதில் அயோடின் சேர்த்திருக்காது. மீன் சாப்பிடுகிறவரை அது பெரிதாகத் தெரியாது. மீனை விட்டபின் அயோடின் சேர்த்த உப்பு என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள்.

இரும்புச் சத்து, டீ, நெல்லிக்காய்

இந்தியாவில் வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. மாதவிடாய்தான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். எனவே தங்கைகளே, இது உங்களுக்கு அதிகம் பொருந்தும். பயறு, கீரை, கம்பு எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் கறியில் உள்ளது போல உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். டீ, காபி கூட இருந்தால் தடுத்துவிடும். சுண்டலில் எலுமிச்சை, சாப்பாட்டோடு பாதி நெல்லிக்காய், முருங்கைக்கீரையோடு தக்காளி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். எனக்கு மாத்திரையோடு சேர்த்து, இந்த டீ நேரத்தை மாற்றியதும் பலன் தந்தது என்று நம்புகிறேன். ஐந்தாறு மாதத்தில் ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டது.

நாக்கு கேட்பது

கறியை விட்டவர்கள் திரும்பிப் போவதற்குக் காரணம் பசியைவிட ஏக்கம்தான் என்பது என் அனுபவம். எனக்கு ஏக்கம் மீன்மேல் இல்லை, மீன் குழம்பின்மேல் என்று கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது. அரைத்த தேங்காய், சின்ன வெங்காயம், மல்லி, மிளகாய், புளி, பச்சை மாங்காய். இதில் எதையும் நான் விட வேண்டியதில்லை! சாளைக்குப் பதில் வாழைக்காயும் முருங்கைக்காயும் போட்டோம். மறுநாள் பழங்குழம்பாக இட்லிக்குத் தொட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வறுவலுக்குச் சேனைக்கிழங்கு. விரல் தடிமனில் பெரிய வில்லைகளாக நறுக்கி, புளித்தண்ணீரில் மஞ்சள் போட்டு முக்கால் பதம் வேகவையுங்கள். புளி இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். வடித்து, மீனுக்குத் தடவுகிற அதே மசாலாவைத் தடவி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாக எடுங்கள். சேனையில் புரதம் குறைவு, ஆகவே கூடவே பருப்பு இருக்கட்டும்.

வெளியே சாப்பிடும்போது

பிரியாணிக் கடையில் நண்பர்கள் அன்போடு "உனக்குக் குஸ்கா சொல்லிட்டேன்" என்பார்கள். குஸ்கா என்பது பீஸ் எடுத்த பிரியாணி; அது கறியோடு வெந்த சோறுதான். பரோட்டாக் கடைச் சால்னாவும் பெரும்பாலும் எலும்பில் கொதித்தது. பரோட்டா மாவில் முட்டை சேர்க்கிற கடைகள் உண்டு, கேட்டுவிடுங்கள். வீகனாக இருந்தால் பொங்கலிலும் ரோஸ்ட்டிலும் நெய், சில கடைகளின் சட்னியில் தயிர், நானில் பால். இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம் தேங்காய்ப்பால், வத்தக்குழம்பு, ரசம், கீரைக் கூட்டு என்று நமக்கு இருக்கிற பட்டியல் பெரியது. எண்ணெய் தோசை என்று சொல்லி வாங்கினால் நெய் இல்லாமல் வரும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் அர்த்தம், பால் இருக்கலாம். வீகன் உணவுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. இலை வைத்த பச்சை வி எழுத்துதான் அதன் சின்னம். எங்கள் ஊர் மக்ரூன் முட்டை வெள்ளைக்கருவில் செய்வது, அதை விட்டது எனக்கு வருத்தம்தான். பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் வேர்க்கடலையும் வெல்லமும்தான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பையில் எப்போதும் இரண்டு வைத்திருக்கிறேன்.

பாலை விட நினைப்பவர்களுக்கு

சின்ன வயதில் சாத்தான்குளம் பக்கம் அத்தை வீட்டில் ஒரு பசுவின் கன்று செத்துப்போனது. அதன் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மாட்டின் முன்னால் நிறுத்திவைத்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டே இருந்தது. மடியில் பால் இறங்கியது. அத்தை நல்லவள், ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். ஆனால் அந்த நாக்கு வைக்கோல் கன்றின் கழுத்தில் போய்வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பாலை விட்டது அதனால்தான். உங்களுக்கு வேறு காரணம் இருக்கலாம்.

டீயின் இடத்தில் சுக்குக் காபி, அல்லது உடன்குடிக் கருப்பட்டி போட்ட கடுங்காபி. தயிர்தான் கஷ்டம். அதற்கு வேர்க்கடலைத் தயிர். ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். கிளறிக்கொண்டே காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு ஆறேழு போட்டு மூடி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். முதல் தயிர் சுமாராகத்தான் வரும். அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்ததை உறை ஊற்றுங்கள், மூன்றாவது முறை தயிர்ச் சோற்றுக்குப் பொருத்தமாக இருக்கும். கடுகு தாளித்து, மாவடுவோடு சாப்பிட்டால் குறை தெரியாது.

சுண்ணாம்புச் சத்துக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும். எள், முருங்கைக்கீரையிலும் நிறைய. பாலக்கீரையில் ஆக்சலேட் அதிகம் என்பதால் அதிலுள்ள சுண்ணாம்பு உடம்பில் அவ்வளவாகச் சேராது.

பி12 மட்டும் எந்தக் கீரையிலும் பயறிலும் நம்பும்படி கிடைக்காது. ஸ்பைருலினா என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத வகை. மாத்திரைதான் வழி. தினம் சிறிய அளவா, வாரம் ஒருமுறை பெரிய அளவா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின், அதனால் மாத்திரையாகக் கேளுங்கள்.

வீட்டில்

சாப்பிட உட்கார்ந்திருக்கிறவர் தட்டைப் பார்த்து எதுவும் சொல்லாதீர்கள். அப்பா சீலா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த மீன் எப்படிச் செத்தது என்று பேசுவது அவரை நோகடிக்கும், அவரை மாற்றாது. "சுத்த சைவம்" என்ற சொல்லையும் நான் என்னைப் பற்றிச் சொல்வதில்லை. நம் ஊரில் அந்தச் "சுத்தம்" சாதியோடு பிணைந்தது. "சைவம் மட்டும்" என்று போர்டு வைத்து வீடு கொடுக்க மறுப்பவர்களிடம் என் தோழிகள் பட்ட அவமானம் எனக்குத் தெரியும். ஆடு மாடுமேல் இருக்கிற அக்கறை பக்கத்தில் இருக்கிற மனுஷரைத் தாழ்த்துமானால் அந்தச் சைவம் எனக்கு வேண்டாம்.

விசேஷ வீட்டுக்குப் போகிறபோது முந்தின நாளே போன் செய்து, "எனக்குன்னு தனியா ஒண்ணும் செய்யாதீங்க அத்தை, ரசமும் அப்பளமும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். பொடி பாட்டிலை எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறைவாகச் சாப்பிட ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காக, அல்லது உடம்பு இளைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் சைவத்துக்கு மாறுகிறீர்கள் என்றால், கொஞ்சம் நில்லுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமோ டாக்டரிடமோ முதலில் பேசுங்கள். தைராய்டு, ரத்தசோகை இருப்பவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அதே லேபில் அதே பரிசோதனைகளை எடுத்துப் பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. என்னுடைய பி12 மாத்திரை ஞாயிற்றுக்கிழமைக்கு. அம்மா அன்றைக்குக் காலையில் போன் செய்வாள், பின்னால் மீன் பொரிகிற சத்தம் கேட்கும். "ஏட்டி, மாத்திர போட்டியா?" என்பாள். போட்டுவிட்டேன் என்றதும்தான் மற்ற பேச்சு.